கச்சான் அடிச்சா ஒயில் கரைக்கு வராதா?

கேள்வி, 12.08, பொத்துவில்ல இருந்து ஒருத்தர்

2020 செப்டம்பர்ல இலங்கைக் கிழக்குக் கரையில சங்கமன்கண்டிக்கு நேர எரிஞ்ச நியூ டயமன்ட் கப்பல் ஞாபகம் இருக்கா? உள்ளுக்க 2 லட்சத்து 70 ஆயிரம் தொன் மசகெண்ணெய் (சுத்திகரிக்காத எண்ணெய்) எண்டு கேட்டு ஊரே பயந்து கிடந்தம். ஒண்டும் நடக்கல்ல. கரையில இருந்து 38 கடல்மைல், அதுவும் கச்சான் காலம், மேல்காத்து, தரையில இருந்து கடலுக்குத்தானே அடிக்கும். அவ்வளவும் கொட்டியிருந்தாலும் பர்மாப் பக்கம் போயிருக்கும். எதுக்கு அப்பிடிப் பதறினம்?

12.08, இரவு 10 மணி போல

நான் கல்லாத்துல அவுட்போட் எஞ்சின் திருத்துறவன், கடல் படிச்ச ஆள் இல்ல. ஆனா இந்தக் கேள்வியப் பாத்திட்டுச் சும்மா இருக்க ஏலாமக் கிடக்கு. கச்சான் காப்பாத்தும் எண்டது பாதிக் கதை. மேல மிதக்கிற ஒயில காத்து தள்ளுறது கொஞ்சம்தான், காத்துட வேகத்துல நூத்துக்கு மூண்டு பங்கு அளவு. நீரோட்டம் அப்பிடி இல்ல, தண்ணி எவ்வளவு வேகமோ அவ்வளவும் ஒயிலுக்கும் சேரும். ரெண்டையும் கூட்டினாத்தான் ஒயில் போற திசை. 20 நொட் காத்து அடிச்சா ஒயிலுக்கு 0.6 கிடைக்கும், ஒரு நொட் நீரோட்டம் இருந்தா அது ஒண்டே காத்தக் கவிழ்த்துப் போடும்.

38 கடல்மைல் எண்டா 70 கிலோமீட்டர். கரையப் பாத்து 20 நொட் காத்து அடிக்கிதெண்டு வச்சா 70ஐ 0.6ஆல பிரிங்க, 117 மணித்தியாலம். அஞ்சு நாள். பதற நேரம் இருந்ததுதான், ஆனா தூரம் எண்டு சொல்ல ஏலாது.

13.08, காலம்பற

பாண்டிருப்புத் தம்பி ஒருத்தன் விடியக்குள்ளயே பிடிச்சிட்டான். நொட்டையும் கிலோமீட்டரையும் குழப்பிப் போட்டன். 0.6 எண்டது நொட், அதாவது மணிக்கு 0.6 கடல்மைல், கிலோமீட்டர்ல 1.1. அப்ப 38ஐ 0.6ஆல பிரிக்கணும், 63 மணித்தியாலம். அஞ்சு நாள் எண்டது பிழை, ரெண்டரை நாள். ராத்திரி சாப்பிட்டுப்போட்டு கணக்கு எழுதப்படாது.

ரெண்டரை நாள்ல என்ன செய்வம் நாங்க? மிதவைத் தடுப்பு கொண்டாறதுக்கே அவ்வளவு நாள் போகும். 2020 ஆகஸ்ட்ல மொரீசியஸ்ல வகாஷியோ கப்பல் ஒயில் விடக்க ஊர்ச்சனம் கரும்புத் தோகைய வலைக்குள்ள அடைஞ்சு தைச்சு மிதவை செஞ்சாங்க. நாங்க தென்னோலைதான் முடையணும்.

13.08, பின்னேரம்

இன்னொண்டு. பொத்துவில் அண்ணன் கவனிக்காதது, அந்தக் கப்பல் தானே அசைஞ்சது. எஞ்சின் செத்துப்போய் கிடக்கக்க கரைப்பக்கம் கொஞ்சம் மிதந்து வந்ததாலதான் டக் போட் கட்டி வெளிய இழுத்தாங்க. கச்சான் காலம்தானே, காத்து வெளியால தள்ளியிருக்க வேணாமா? 330 மீட்டர் நீளக் கப்பல், சரக்கோட கிடந்தா 20 மீட்டர் அளவு தண்ணிக்குள்ள. வெளிய தெரியிறத விட உள்ளுக்க கிடக்கிறது பெரிசு. காத்துக்குப் பிடி இல்ல, தண்ணிக்குத்தான் பிடி. உங்கட கேள்விக்கு அந்தக் கப்பலே மறுமொழி சொல்லிட்டுதான் போச்சு.

அந்த மசகெண்ணெய் கடல்ல விழல்ல, மறந்திராதீங்க. பின்னால கண்டது டீசல் படலம், ஒண்டு ரெண்டு கிலோமீட்டர் நீளம் எண்டு சொன்னாங்க, அது கப்பல் ஓடுறதுக்கு வச்ச 1,700 தொன்னில இருந்து ஒழுகினது. டீசல் மெல்லிய சாமான், இந்த வெயிலுக்கும் அலைக்கும் ஒண்டு ரெண்டு நாள்ல பெருவாரி ஆவியாகியும் கலைஞ்சும் போயிரும். எஞ்சின் றூமில வேலை செஞ்ச பிலிப்பைன்ஸ்காரர் ஒருத்தர் செத்தார். "ஒண்டும் நடக்கல்ல" எண்டு எழுதக்க அதையும் நினைக்கணும்.

14.08

"நூத்துக்கு மூண்டு எண்டு எங்க பாத்தீங்க, யூடியூப்பா" எண்டு ஒருத்தர் கேட்டார். வாசிச்சும் இருக்கிறன், கண்ணாலயும் கண்டிருக்கிறன். கண்ட கதை வெக்கம்கெட்ட கதை.

வேலை பழகின காலத்துல எனக்குப் பதினேழு வயசு. நான் நிண்ட பட்டறையில கழிஞ்ச ஒயிலத் தகரத்துல ஊத்தி வச்சிருப்பாங்க, அந்திப்பட்டா பொடியன்தான் கொண்டு போய் "எங்கயாவது" ஊத்தணும். எங்கயாவது எண்டா ஆத்துக்கு எண்டு எல்லாருக்கும் தெரியும். ஒருநாள் வாவிக்கரையில அரை லீட்டர் அளவு ஊத்திட்டு நிண்டு பாத்தன். முதல்ல கறுப்பா ஒரு வட்டம். ஒரு பீடி பத்தி முடியிற நேரத்துல விளிம்பு வெளுத்து, மயில்கழுத்து நிறம் வந்து, பிறகு வெள்ளி மாதிரி மினுங்கி, ஒரு வளவு அளவு பரந்து போச்சு. பக்கத்துல ஆத்துவாழை மிதந்துச்சு, அதுட இலை பாய் மாதிரி காத்துல நிமிந்து கிடக்கும், விறுவிறுண்டு அங்கால போச்சு. ஒயில் அவ்வளவு ஓடல்ல, மெதுவா, கொஞ்சம் வேற பக்கமா இழுபட்டுது. ரெண்டும் தண்ணிக்கு மேலதான். ஆனா ஒண்டுக்குப் பாய் இருக்கு, மத்ததுக்கு இல்ல.

வானவில் நிறம் தெரியிற இடத்துல படலம் ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குக்கும் குறைவாக் கூட இருக்கும். 0.3 மைக்ரோன் எண்டு எடுத்தா ஒரு லீட்டர் 3,300 சதுர மீட்டர் மூடும், முக்கால் ஏக்கருக்கும் கூட. அதால படத்துல கடல் முழுக்க மினுங்கிறதப் பாத்து அளவு சொல்ல ஏலாது. மினுக்கம் பெரிசு, ஒயில் கொஞ்சம். கறுப்பாத் தடிச்சுக் கிடக்கிற சின்னத் திட்டுலதான் அநியாயம் எல்லாம் இருக்கும்.

இப்ப நான் ஊத்திறதில்ல. கலனில சேத்து வச்சு ஓட்டுத் தொழிற்சாலைக்காரனுக்குக் குடுக்கிறன், அவன் அச்சுக்குப் பூசுவான்.

16.08

சனிக்கிழமை விடியப் பெரியப்பாட போட்டுல போறன். காகிதத்துல கணக்குப் போட்டுச் சண்டை பிடிக்கிறத விட எதையாவது கடல்ல போட்டுப் பாப்பம். வெறும் தண்ணிப் போத்தல் பன்னிரண்டு, மூடி இறுக்கி. தோடம்பழம் பன்னிரண்டு. தோடம்பழம் தண்ணிக்குள்ள தாழ்ந்துதான் மிதக்கும், வெளிய தெரியிறது ஒரு பொட்டு, அதால காத்துக்கு அகப்படாது, தண்ணியத்தான் கேக்கும். போத்தல் காத்தைக் கேக்கும். ஒயில் நடுவுல.

20.08

போய் வந்தாச்சு. முதல்ல மடத்தனத்தச் சொல்றன். மலிவெண்டு பிபிலைத் தோடம்பழம் வாங்கினன். பச்சை. பச்சைக் கடல்ல பச்சைப் பழத்தப் போட்டா எப்பிடித் தெரியும்? பெரியப்பா எஞ்சின நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்த பார்வை, "மனே, இதுக்கா அஞ்சு லீட்டர் மண்ணெண்ணெய்" எண்டார். எட்டுப் பழம் எறிஞ்சம். நாலு அவர் தின்டார்.

கரையில இருந்து அஞ்சு கிலோமீட்டர் அளவு. காத்து மேற்கால, நல்ல கச்சான், முகத்துல அடுப்பு ஊதின மாதிரி சூடு. போத்தல் போட்ட உடன வரிசையாக் கிழக்க பறக்கத் தொடங்கிட்டு. அரை மணித்தியாலத்துல கண்ணுக்கு எட்டல்ல. பழம் அப்பிடி இல்ல. போட்டோடயே நிண்டு பிறகு மெல்ல மெல்ல தெக்க சரிஞ்சுது. ஜிபிஎஸ்ஸில குறிச்சுப் பாத்தன், ரெண்டு மணித்தியாலத்துல ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைய, தெக்கும் கொஞ்சம் கிழக்கும். பெரியப்பா சொன்னார், இந்த மாசத்துல வலை தெக்க இழுக்கும், இது உனக்கு இப்பவா தெரியும் எண்டு.

அவருக்குத் தெரிஞ்சதுக்குப் புத்தகத்துல ஒரு பேர் இருக்கு. மே தொடங்கி செப்டம்பர் மட்டும் இலங்கைக்குக் கிழக்க ஒரு பெரிய சுழி கட்டும், இலங்கைக் குவிமாடம் எண்டுறாங்க, இடஞ்சுழியாச் சுத்தும். இடஞ்சுழி எண்டா எங்கட கரைப்பக்கத்து ஓரம் தெக்க ஓடும். காத்து கிழக்க தள்ளக்க அடியில தண்ணி தெக்க இழுக்கிறது அதாலதான்.

21.08

ரெண்டு போத்தல் கரை ஏறிட்டு! மருதமுனையில ஒரு மச்சான் படம் போட்டிருக்கார், என்ட சிவப்பு எனாமல் நம்பர், 3உம் 10உம். கிழக்க பறந்த சாமான் எப்பிடித் தெக்க கரையில? பின்னேரம் கடக்காத்து எழும்பியிருக்கணும். காலம்பறக் கச்சான் அடிச்சாலும் மத்தியானம் தரை சுட்டு, கரையோரத்துல காத்து கிறுகும். காலம்பற வெளிய போனது பின்னேரம் உள்ளுக்க வரும், அதுக்கிடையில தண்ணி தெக்க கொண்டு போயிரும். கரையில இருந்து பத்துப் பதினஞ்சு கிலோமீட்டருக்குள்ள ஒரு றோலர் (இழுவைப் படகு) ஒயில் விட்டா கச்சானை நம்பிப் படுக்க ஏலாது.

"சூழலப் பத்திக் கதைக்கிறவர் கடல்ல பன்னிரண்டு பிளாஸ்ரிக் எறிஞ்சிருக்கார்" எண்டு ஏசினவங்களுக்கு: நூறு வீதம் சரி. ரெண்டு கிடைச்சது, பத்துக்கு நான் கடன்காரன். அடுத்த முறை தேங்காய்.

"கச்சான் எண்டா கடலைதானே, அது எப்பிடிக் கப்பலத் தள்ளும்" எண்டு கேட்ட தமிழ்நாட்டுக்காரருக்கு: ஐயா, இஞ்ச கச்சான் எண்டா காத்தும்தான் நிலக்கடலையும்தான். ரெண்டும் வயித்தக் கலக்கும்.

29.08

ஒரு திருத்தம், எனக்கு நானே. 12ஆம் திகதி காத்தையும் நீரோட்டத்தையும் கூட்டினாச் சரி எண்டு எழுதினன். முழுக்கச் சரியில்ல. பூமி சுத்திறதால எங்கட வடக்குப் பாதியில தண்ணிட மேல்படை காத்துக்கு நேர போகாது, கொஞ்சம் வலப்பக்கம் சரியும். இத முதல் கவனிச்சவர் நான்சன் எண்ட நோர்வேக்காரர், 1893ல பிராம் எண்ட கப்பல வடதுருவப் பனிக்குள்ள இறுகவிட்டு மிதந்தவர், பனிப்பாளம் காத்துக்கு நேர போகாம 20, 40 பாகை வலப்பக்கம் விலகுதெண்டு எழுதி வச்சார். அத எக்மன் எண்ட கடல் ஆராய்ச்சிக்காரர் 1905ல கணக்காக்கினார். ஆனா இந்த விலகல உண்டாக்கிற விசை துருவத்துல பெரிசு, பூமத்தியரேகையில சைபர். நாங்க 7 பாகையில இருக்கிறம், இஞ்ச அது நொய்ஞ்சல். அதால என்ட தோடம்பழம் தெக்க போனதுக்கு எக்மன் எவ்வளவு, சுழி எவ்வளவு எண்டு எட்டுப் பழத்த வச்சுச் சொல்ல ஏலாது. அலையும் ஒரு பங்கு தள்ளும், ஒவ்வொரு அலையும் போகக்க மேல கிடக்கிற சாமான ஒரு சாண் முன்னால வச்சிட்டுப் போகும். அந்த நூத்துக்கு மூண்டுக்குள்ள அதுவும் கொஞ்சம் கலந்திருக்கு.

02.09

நிந்தவூர்ல இருந்து ஒரு கேள்வி, நல்ல கேள்வி. ஒலுவில் துறைமுக அணை கட்டினாப் பிறகு அணைக்கு வடக்க கரை அரிச்சுப் போச்சு, தெக்க மண் சேர்ந்துச்சு, அப்ப மண் வடக்கதானே போகுது, நீங்க என்னெண்டு தண்ணி தெக்க ஓடுதெண்டுறீங்க எண்டு.

ரெண்டும் மெய்தான். மண்ண நகத்திறது கரையில முறியிற அலை. அலை சரிவா வந்து அடிச்சு, சரிவா மண்ண ஏத்தி, நேர இறக்கும், அப்பிடி வருசக்கணக்கா வடக்க போகும். அது நூறு இருநூறு மீட்டர் அகலத்துக்குள்ள நடக்கிற வேலை. நான் சொன்ன ஓட்டம் வெளியில. ஒயில் வெளியில இருக்கக்க ஒரு சட்டம், அலை முறியிற இடத்துக்கு வந்தா வேற சட்டம். தெக்க போய்க் கரை ஏறின ஒயில் மறுகா மண்ணோட கலந்து வடக்க ஊர்ந்து வரவும் கூடும்.

03.09

நியூ டயமன்ட் எரிஞ்ச நாள் இண்டைக்கு. அண்டைக்கு அம்மா மீன்காரனிட்ட "ஒயில் மீனா" எண்டு கேட்டுத்தான் வாங்கினா. அவன் சத்தியம் செஞ்சான்.

சின்னதில கடக்கரையில விளையாடினா வாடை முடியிற நேரத்துல காலடியில தார்க்கட்டி ஒட்டும். கறுப்பு, பாக்கு அளவு, மேல மண் ஒட்டி உள்ளுக்க மெழுகு மாதிரி. அம்மம்மா தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ச்சுத்தான் எடுப்பா, சவுக்காரத்துக்குப் போகாது. நாங்க அது கடல்ல விளையிற சாமான் எண்டு நினைச்சம். இப்ப விளங்குது, எங்கயோ ஒரு கப்பல் தாங்கியக் கழுவி விட்டிருக்கும். மெல்லியது ஆவியாப் போக, மிச்சம் தண்ணிய உறிஞ்சிப் பாணிப்பலகாரம் மாதிரித் தடிச்சு, உடைஞ்சு உடைஞ்சு கட்டியாகி வந்திருக்கு. தண்ணி கலந்து தடிச்ச பிறகு விட்ட ஒயில விட மூண்டு நாலு மடங்கு பெருக்கும், 100 தொன் விழுந்தா 300 தொன் அள்ளணும். கப்பலுட கறுப்பு எரிஎண்ணெய் எண்டா ஆவியாகிறது நூத்துக்குப் பத்தும் வராது, கிடக்கிறதெல்லாம் கிடக்கும்.

அந்தக் கட்டி ஏன் வாடையில மட்டும் வந்துச்சு எண்டு நான் ஒருக்காலும் யோசிக்கல்ல. காத்து அப்பதானே கரையப் பாத்து அடிக்கும்.

19.09

வேலை கூட, அதான் பக்கம் வரல்ல. பொத்துவில் அண்ணன் எழுதியிருக்கார், "அப்ப தூர இழுத்துப் போனது சரிதானே, வெளிய கொண்டு போய் விட்டா முடிஞ்சுது". எனக்கும் அப்பிடித்தான் தோணினது, பிறகு ஸ்பெயின் கதைய வாசிச்சன். 2002 நவம்பர்ல பிரெஸ்டீஜ் எண்ட கப்பல் காயப்பட்டு நிண்டது, கரைக்கு விடமாட்டம் எண்டு வெளிய இழுத்தாங்க, 200 கிலோமீட்டருக்கு மேல போய் ரெண்டா முறிஞ்சு தாண்டுது. தூரத்துல முறிஞ்சதால ஒயில் ஒரு குடாவுக்குள்ள நிக்காம விசிறி மாதிரி விரிஞ்சு கலிசியாக் கரையும் அடிச்சு பிரான்சுக் கரையும் அடிச்சுது. எங்களுக்கு நடந்தது, நெருப்பு சரக்குத் தாங்கிக்குப் போகல்ல, அவ்வளவுதான்.

எண்ணூரும் இருக்கு. 2017 ஜனவரி 28, சென்னைக்கு வடக்க துறைமுக வாசல்ல ரெண்டு கப்பல் முட்டிச்சுது. ஒயில் தெக்க இறங்கி மெரினா, திருவான்மியூர் மட்டும் வந்துச்சு. பொடியனுகள் வாளியால கறுப்புக் களிய அள்ளினத டீவியில பாத்திருப்பீங்க. ஜனவரி. வாடை. இதத்தான் முதல்ல இருந்து சொல்ல வந்தன், தோடம்பழத்துல போய் நிண்டுட்டன்: "எத்தின மைல்" எண்டு கேக்கிறத விட "எந்த மாசம்" எண்டு கேளுங்க. மார்கழியில காத்தும் கரையப் பாக்கும், வங்காள விரிகுடாத் தண்ணியும் இந்தியக் கரையோட வந்து எங்கட கரையத் தடவித் தெக்க இறங்கும். ரெண்டும் ஒரே அணியில.

20.09

மாசத்தோட ஆத்துவாயும் சேருது, நேத்து விட்டுப் போட்டன். செப்டம்பர்ல கல்லாத்து வாயும் பாலமீன்மடு முகத்துவாரமும் மண் அடைஞ்சு கிடக்கும், கடல் வெளிய, வாவி உள்ள. மழை வந்து வெள்ளம் ஏறினா வெட்டி விடுவாங்க. வெட்டின வாயால வெள்ளம் வெளிய பாயிற மட்டும் பயமில்ல, வெள்ளம் வத்தினாப் பிறகு கடல் உள்ளுக்க ஏறும். அந்த நேரம் ஒயில் வந்தா 50 கிலோமீட்டருக்கு மேல நீளமான வாவி, கண்டல் வேரெல்லாம் கறுக்கும். மணல்கரைய மண்வெட்டியால கொத்தி எடுக்கலாம், கண்டல் வேர ஒவ்வொண்டா ஆர் துடைக்கிற? இறால் குஞ்சு வளர்றது அதுக்குள்ளதான்.

05.12

உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கல்ல. வாடை பிடிச்சிட்டு. கடல் கலக்கம், ஆரும் போறதில்ல, இண்டைக்கு ஒரு இடைவெளி கிடைச்சுது. அழுகல் தேங்காய் ஆறு, ஒற்றை ஒற்றையா சிவப்பு எனாமல்ல 5 தொடங்கி 10 மட்டும் நம்பர் (1 தொடங்கி 4 மட்டும் அம்மா சம்பலுக்கு எடுத்திட்டா, அழுகல் இல்லையாம்). காலம்பற ஏழு மணிக்கு, போன முறை எறிஞ்ச அதே இடத்துல போட்டம். பெரியப்பா இந்தமுறை ஒண்டும் கேக்கல்ல, நம்பர் தெரியத்தக்கதாப் போடு எண்டு மட்டும் சொன்னார்.

தேங்காய் பாதி வெளிய நிக்கும், ஒயில விட காத்துக்குக் கூட அகப்படும். அதையும் கழிச்சுத்தான் பாக்கணும், பிறகு சண்டைக்கு வராதீங்க. போட்டுல இருந்து பாக்கக்க நுரையும் பாசியும் காத்துத் திசைக்கு நீட்டுக் கோடு கோடாச் சேர்ந்து கிடந்துச்சு, ரெண்டு தேங்காய் அந்தக் கோட்டுக்குள்ளயே போய் விழுந்துச்சு. ஒயிலும் அப்பிடித்தான் கோட்டுக்குள்ள சேரும். அள்ளுறதெண்டா அந்தக் கோட்டுல அள்ளணும், இடையில இல்ல.

07.12, காலம்பற

திருக்கோவில்ல இருந்து மச்சாள் கோல் எடுத்தா. கோயிலடிக் கடக்கரையில விடிய ஆறு மணிக்கு ஒரு தேங்காய் கிடக்காம், சிவப்பால என்னமோ எழுதியிருக்காம், சனம் சுத்தி நிக்கிதாம், ஒருத்தரும் கிட்டப் போகல்லையாம். மட்டக்களப்புப் பக்கமிருந்து வந்த செய்வினை எண்டு கதை பரவிட்டு, ஒரு கிழவி உப்பும் மிளகாயும் எடுக்க வீட்டுக்கு ஓடியிருக்கா. நான் நம்பரப் பார் எண்டன். "7" எண்டா.

ஏழு மணிக்குப் போட்டது, 47 மணித்தியாலம். கல்லாத்துல இருந்து திருக்கோவிலுக்கு 40 கிலோமீட்டர் அளவு. மணிக்கு 0.85 கிலோமீட்டர், அரை நொட்டுக்குக் கொஞ்சம் குறைய. இந்தமுறை நொட்டையும் கிலோமீட்டரையும் ரெண்டு தரம் பாத்துப்போட்டுத்தான் எழுதுறன்.

மத்த அஞ்சையும் தம்பிலுவில், விநாயகபுரம், கோமாரிப் பக்கம் ஆரும் கண்டா பயப்படாமத் தொடுங்க, செய்வினை இல்ல, எனாமல் பெயின்ட்தான். நம்பரையும் கண்ட நேரத்தையும் மட்டும் போடுங்க. பொத்துவில் அண்ணன், உங்கட கரையையும் ஒருக்காப் பாருங்க.